மூன்று தீ

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகையில் முதல் வணக்கம் பெறுகிறவர்கள் தில்லைவாழ் அந்தணர்கள். அங்கிருந்து மூன்றாம் பாட்டுக்கு வருவதற்குள், அந்தத் தில்லையின் எல்லையை மிதிக்கவும் அஞ்சி, நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கழித்த ஒரு புலையரும் அதே வணக்கத்தைப் பெற்றுவிடுகிறார். இரு திறத்தாரிடத்திலும் சுந்தரர் தம்மை அடியேன் என்றே சொல்லிக்கொள்கிறார். அந்தணருக்குச் சொல்லும்போது அந்தப் பணிவு கூடவுமில்லை, ஆதனூர்ப் புலையருக்குச் சொல்லும்போது குறையவுமில்லை. ஆதிசைவ குலத்தில் பிறந்து, அரசரின் அபிமான புத்திரராக வளர்ந்த ஒருவர் எட்டாம் நூற்றாண்டில் இப்படிச் சொன்னார் என்பதை நாம் போதிய வியப்போடு நினைப்பதில்லை. பதினொரு பாட்டுக்குள் தனியடியார் அறுபதின்மரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் அடக்க வேண்டியிருந்ததால் அவர் பெயரை மட்டும் சொன்னார், சரித்திரத்தைச் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் புகுந்தவர்களின் வரிசை அன்றுமுதல் இன்றுவரை முடிவடையவில்லை. நம்முடைய சமய மரபில் ஒரு கதை காலந்தோறும் எவ்வாறு மறுபடியும் மறுபடியும் படிக்கப்பட்டு, படித்தவர்களின் மனச்சாட்சியைச் சோதித்து வந்திருக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு, திருநாளைப்போவார் சரித்திரத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

சுந்தரருக்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் இந்த அடியாருக்கு ஒரு பாட்டுத் தந்தார். அம்பலத்தான் அருளைப் பெற்றார், அவருடைய புலைத்தன்மை போயிற்று, தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார், அவருடைய ஊர் ஆதனூர் என்னும் இவ்வளவுதான் அதிலுள்ள செய்தி. புலை எப்படிப் போயிற்று என்று நம்பி சொல்லவில்லை. அருள் பெற்றார் என்பதோடு அவருக்குத் திருப்தி ஏற்பட்டுவிட்டது. திருநாளைப்போவாருக்கு நாம் வழங்கும் நந்தன் என்ற பெயர் இந்தப் பாட்டில் இல்லை. நந்தனார் கதை என்றதும் நம் கண்ணில் முதலில் எழுகிற தீயும் இதில் இல்லை. இந்த இரண்டாவது செய்தியைக் கதாகாலட்சேபம் செய்கிறவர்களும் கேட்கிறவர்களும் பெரும்பாலும் கவனிப்பதில்லையாதலால் இங்கே அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பெயரையும் தீயையும் நமக்குக் கொடுத்தவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாயன் என்று பெயர்பெற்ற இரண்டாம் குலோத்துங்கனிடத்தில் அமைச்சராயிருந்த அவர், தில்லையம்பலவன் அடியெடுத்துக் கொடுக்கத் தில்லையிலேயே இருந்து பெரிய புராணத்தை இயற்றி, அந்தக் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்திலேயே அரங்கேற்றினார் என்பது சம்பிரதாயம். தில்லைக் கோயிலின் வாயில் ஒருவருக்கு அடைத்திருந்தது என்ற கதையை அந்த வாயிலுக்கு உட்புறத்திலிருந்து, தில்லை மூவாயிரவரும் சோழவேந்தனும் வீற்றிருந்த சபையில் சொல்ல வேண்டிய நிலைமை அவருடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அவர் சொன்னவற்றின் அருமையும் சொல்லாமல் விட்டவற்றின் காரணமும் ஒருங்கே விளங்கும்.

நாற்பதுக்கும் குறைவான பாடல்களில் அமைந்த சிறு புராணம் அது. அதில் ஆதனூரின் வயல்வளத்தை வழக்கம்போல் பாடிவிட்டு, ஊர்ப்புறத்திலுள்ள புலைப்பாடிக்குள் சேக்கிழார் நுழைகிறார். நுழைந்தவர் உடனே திரும்பி வந்துவிடவில்லை. சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகளை நின்று பார்க்கிறார். இரும்புக் காப்பணிந்த கருஞ்சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் அரையில் கட்டிய இரும்பு மணிகளின் ஓசையில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அடங்கிப்போவது அவர் செவியில் விழுகிறது. மருதமரத்து நிழலில் தோலை விரித்து உழத்தி ஒருத்தி குழந்தையை உறங்க வைக்கிறாள். வஞ்சி மரத்தடியில் புதைத்த பானைக்குள் பெட்டைக்கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளைகளில் வாரால் இறுக்கிய பறைகள் தொங்குகின்றன. வைகறையில் வேலைக்குப் போக வேண்டிய உழைப்பாளிகளைச் சேவல் கூவி எழுப்புகிறது. நகர வருணனைகளையும் அரண்மனை வருணனைகளையும் பாடிப் பழகிய காவியக் கவிகளின் மரபில், ஒரு சேரியின் காலைப்பொழுதை இவ்வளவு நெருங்கிநின்று, அருவருப்பின் சாயல் சிறிதுமின்றிப் பார்த்த முதலமைச்சர் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் குழந்தையின் உறக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அடிமேல் அடிவைத்து நடப்பதுபோலச் செல்கிறது அவர் கவிதை.

அங்கே பிறந்த நந்தனாருக்கு ஊரார் தொழிலுக்காக விட்ட மானியநிலமே ஜீவனம். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் அவர் கொடுத்து வந்தார். அவர் கைப்பட்ட தோலின் முழக்கம் கருவறைவரை சென்று ஒலித்தது. அவர் சேர்த்த கோரோசனை திருமேனியைச் சென்று சேர்ந்தது. அவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்று ஆடினார், பாடினார். திருப்புன்கூருக்குச் சென்றபோது நேர்நின்று தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் மிகுந்தது. இறைவன் தமக்கு முன்னிருந்த விடையை விலகச் செய்து காட்சி கொடுத்தார். வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகிலுள்ள அந்த ஸ்தலத்தில் நந்தி இன்றும் நேர்கோட்டிலிருந்து ஒதுங்கியே இருக்கிறது. மனம் குளிர்ந்த நந்தனார் அங்கே ஒரு குளத்தையும் தோண்டி முடித்துவிட்டு ஊர் திரும்பினார். திருப்புன்கூரில் இறைவன் அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடம் மாறியது விடை. நந்தனார் நந்தனாராகவே இருந்தார்.

தில்லையிலோ காரியம் வேறுவிதமாயிற்று. நாளை போவேன் என்று நாள்கள் பல கழித்து ஒருநாள் புறப்பட்டவர், வேள்விப்புகை எழுகின்ற அந்த ஊரின் எல்லையைக் கண்டதும் தம் பிறப்பை நினைத்து உள்ளே போகத் துணியாமல், இரவும் பகலும் வெளியிலேயே வலம்வந்து, இந்தப் பிறவி தடையாயிற்றே என்ற துக்கத்தோடு கண்ணயர்ந்தார். கூத்தப்பெருமான் கனவில் தோன்றி, இப்பிறவி நீங்குமாறு எரியில் மூழ்கி அந்தணர்களோடு நம்மிடம் வருவாயாக என்று பணித்து, தில்லைவாழ் அந்தணர்களுக்கும் அவ்வாறே கட்டளையிட்டார். அவர்கள் அச்சத்தோடு வந்து செய்தியைச் சொல்ல, தென்மதிலின் வாயிலுக்கு முன்பாக வேள்வித்தீ வளர்க்கப்பட்டது. நந்தனார் இறைவன் திருவடிகளை நினைந்து வலம்வந்து அதனுள் புகுந்தார்; பழைய உருவம் ஒழிந்து, மார்பில் பூணூலும் தலையில் சடைமுடியுமாக ஒரு முனிவர் எழுந்தார். அந்தணர்கள் கைகூப்பினார்கள். அவர் கோபுரத்தைத் தொழுது உள்ளே சென்று, நடம்புரியும் எல்லைக்குள் புகுந்தார். பிறகு அவரை யாரும் காணவில்லை.

பக்தர்களின் கண்களில் எத்தனையோ தலைமுறையாக நீர் வரவழைத்த கட்டம் இது. அந்தக் கண்ணீரை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் நந்தனாருக்காக வருந்துகிற எவரும் இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. தில்லைக்குள் சென்றவர் பூணூலணிந்த முனிவர். ஆதனூரில் பிறந்து, தோலும் வாரும் கொடுத்து, திருப்புன்கூரில் குளம் தோண்டிய அந்த மனிதர் வாயிலுக்கு வெளியிலேயே எரிந்துபோனார். கோயிலின் விதி ஒரு மயிரிழையும் அசையவில்லை. விதிக்குப் பொருந்துமாறு மனிதர் மாற்றப்பட்டார். திருப்புன்கூரில் விடையை விலக்கிய கருணைக்குத் தில்லையில் மனிதர்களின் மனத்தை விலக்க முடியாமற் போயிற்றா?

இதற்குச் சமாதானம் சொன்னவர்கள் பலர். தீ என்பது ஞானாக்கினி, எரிந்தது மும்மலம், எழுந்தது சிவஸ்வரூபம் என்று தத்துவார்த்தம் உரைப்பவர்களின் வியாக்கியானம் அந்தச் சமாதானங்களுள் முதன்மையானது. அழகான வியாக்கியானந்தான், சித்தாந்தத்துக்கும் அது முரணாகாது. ஆனால் ஆணவமலம் ஆதனூர்ச் சேரிக்கு மட்டும் உரியதன்று. மலத்தை எரிப்பதற்காக வளர்த்த தீயாயிருந்தால், அதை வளர்த்தவர்களும் அதில் மூழ்கியெழ வேண்டியவர்களே. ஒருவருக்கு மட்டும் விதிக்கப்பட்டு அருகில் நின்ற மற்றவர்களுக்கு விதிக்கப்படாத தீயை ஞானாக்கினி என்று சொல்லிவிட்டால், சேக்கிழார் அவ்வளவு அக்கறையோடு எழுதிக்காட்டிய ஊரும் சேரியும் மதிலும் புகையாய்ப் போய்விடுகின்றன. மற்றொரு முனையில், இது கொலையை மறைக்க எழுந்த கதை என்று கொதிப்போடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1978-இல் வெளிவந்த நந்தன் கதை என்ற நாடகத்தில் இந்திரா பார்த்தசாரதி அந்தத் தீயை மேல்சாதியாரின் சூழ்ச்சியாகவே காட்டினார். அதற்கும் வெகுகாலம் முன்பே அயோத்திதாச பண்டிதர், நந்தன் ஓர் அரசன், வஞ்சகத்தால் வீழ்ந்தவன் என்று முற்றிலும் வேறான ஒரு சரித்திரத்தைச் சொன்னார். இவற்றை நிரூபிக்கப் போதிய சாசனங்கள் நம் கையில் இல்லை. எனினும் இந்த வாதங்களுக்குப் பின்னாலுள்ள துயரத்துக்குச் சாசனம் வேண்டியதில்லை. நூற்றாண்டுக்கணக்காக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், தன்னுள் ஒருவர் தீயில் இறங்கியதை மகிமையாக மட்டும் கேட்டுத் தலையசைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில், சங்கீதத்தின் வழியாக, கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த காரியம் தனிச்சிறப்புடையது. நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அந்தப் பிரம்மசாரி, காவிரிப் பாசனத்துப் பண்ணைகளைத் தினந்தோறும் கண்ணால் பார்த்தவர். அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஆங்கில அரசு 1843-இல் அறிவித்திருந்தபோதிலும், பண்ணையாளின் கால் மிராசுதாரின் வயலை விட்டு நகரவில்லை. 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் பாரதியார், பெரிய புராணத்தில் எங்குமே இல்லாத ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சேக்கிழாரின் நந்தனாருக்குத் தடை அவர் பிறப்பும் அதைப்பற்றி அவர் மனத்தில் ஊறியிருந்த அச்சமும். பாரதியாரின் நந்தனுக்கோ தடை, எதிரில் நின்று உத்தரவு மறுக்கும் ஓர் எசமானர். நாற்பது வேலி நிலத்தையும் உழுது நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் அவர். வேலி ஒன்றுக்கு ஆறரை ஏக்கருக்கு மேல் என்று கணக்கிட்டால் இருநூற்றைம்பது ஏக்கருக்கும் அதிகமான நிலம்; கொடுத்த அவகாசம் ஓர் இரவு. சிவபெருமானின் பூதகணங்கள் அந்த வேலையை முடித்துவைக்க, விடிந்ததும் விளைந்து நின்ற கதிர்களைக் கண்ட வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலின் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினார் என்றும், பாரதியார் பலநாள் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளம் உருகிய பிறகே கொடுத்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். புலவருக்கு வழு தெரிந்தது. மனிதருக்குக் கண்ணீர் வந்தது. பாரதியார் தீயை மாற்றத் துணியவில்லை; அவருடைய நந்தனும் தில்லையில் தீப்புகுந்துதான் ஜோதியில் கலக்கிறான். ஆனால் தீக்கு முன்பாகவே கதைக்குள் வேறொரு சுத்தியை அவர் நடத்திவிட்டார். மாற வேண்டியவர் வேதியர் என்று அவர் தெரிந்தெடுத்தார்; மாற்றியும் காட்டினார். நூலாதாரம் இல்லாமல் அவர் சேர்த்த இந்தப் பகுதிதான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரிய புராணத்தை ஒருபோதும் கேட்டிராத ஜனங்களின் மனத்தில் பதிந்தது. பிறகு நாடக மேடைக்கும், கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935-ஆம் ஆண்டுப் படத்துக்கும், தண்டபாணி தேசிகர் நடித்த 1942-ஆம் ஆண்டுப் படத்துக்கும் அடித்தளமாயிற்று. மூலநூலுக்கு விரோதமாகக் கற்பனை செய்தார் என்று பாரதியாரைக் குறைகூறுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேக்கிழார் தம் காலத்துச் சபையில் சொல்ல இயலாமல் விட்ட ஒன்றைத்தான் அவர் தம் காலத்து வயல்வரப்பில் நின்று சொன்னார்.

சொல்ல இயலாமல் விட்டார் என்றேன். ஆனால் நந்தனார் புராணத்தில் சொல்ல இயலாததைச் சேக்கிழார் அதே நூலில் வேறு இடங்களில் சொல்லியிருக்கிறார் என்பதே என் அபிப்பிராயம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். பெரிய புராணத்தைத் துண்டு துண்டாக, குருபூசைக்கு ஒரு சரித்திரமாகக் கேட்டுப் பழகிவிட்டதால், ஒரு புராணத்தில் எழுந்த கேள்விக்கு மற்றொரு புராணத்தில் விடை இருப்பதை நாம் காணத் தவறுகிறோம்.

திருச்சாத்தமங்கையில் வாழ்ந்த திருநீலநக்கரைப் பாருங்கள். நாகூர்ப் பக்கத்தில் இப்போது சீயாத்தமங்கை என்று வழங்கும் ஊர் அது. அவர் வேதியர், ஆகம விதி தவறாமல் அயவந்தி நாதரைப் பூசிப்பவர், சுத்தம், ஆசாரம் என்பவற்றில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர். ஒருநாள் பூசை வேளையில் சிவலிங்கத்தின்மேல் சிலந்தி விழுந்தது. குழந்தையின் மேனியில் விழுந்ததைத் தாய் ஊதிப் போக்குவதுபோல அவருடைய மனைவியார் பதறி ஊதியும் உமிழ்ந்தும் அதைப் போக்கினார். இறைவன்மேல் எச்சில் பட்டுவிட்டதே என்று நீலநக்கர் அந்த அம்மையாரைத் துறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றித் தம் திருமேனியைக் காட்டினார்: அவள் ஊதிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் கொப்புளம். ஆசாரத்தின் உச்சியில் நின்ற ஒருவருக்கு, அவர் அசுத்தம் என்று கருதியதே தமக்கு மருந்தாயிற்று என்று தெய்வம் உடம்பைக் காட்டி உணர்த்திய இந்தக் காட்சி, நம் சமய நூல்களில் உள்ள மிகத் துணிவான காட்சிகளுள் ஒன்று.

அந்தப் பாடத்தைப் படித்த நீலநக்கரின் வீட்டுக்குத்தான் பின்னர் திருஞானசம்பந்தர் எழுந்தருளினார். உடன் வந்தவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவருடைய மனைவியார் மதங்கசூளாமணியாரும். பாணர் குலம் அந்நாளில் தீண்டத்தகாத குலங்களுள் வைத்து எண்ணப்பட்டது. இரவு தங்குவதற்கு இவர்களுக்கும் ஓர் இடம் தருவீர் என்று சம்பந்தர் கேட்டார். புறத்திண்ணையை நீலநக்கர் காட்டவில்லை, கொல்லைப்புறத்தையும் காட்டவில்லை. மகிழ்ச்சியோடு அவர்களை நடுவீட்டுக்கு அழைத்துச் சென்று, அணையாத வேதாக்கினி எரிந்துகொண்டிருந்த வேதிகைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அப்போது அந்த அக்கினி வலஞ்சுழித்து முன்னைவிட ஓங்கி எரிந்தது என்று சேக்கிழார் பாடுகிறார்.

வேள்வித்தீயைப் பற்றி இதே கவி தில்லையில் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தாழ்ந்த குலத்தவர் ஒருவர் உள்ளே வருவதற்காகத் தீ அவரை எரித்தது. இங்கே தாழ்ந்த குலத்தவர் இருவர் அவ்வண்ணமே, தங்கள் யாழோடும் தங்கள் பிறப்போடும் வந்து பக்கத்தில் அமர, தீ மகிழ்ந்து அவர்களை வரவேற்றது. தீயின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. வேறுபட்டவர்கள் தீக்கு உரியவர்கள். சாத்தமங்கையில் தீயை வளர்த்தவர், தெய்வம் எதை அசுத்தம் என்று நினைக்கவில்லை என்பதை ஏற்கனவே கற்றிருந்தார்.

இந்த யாழ்ப்பாணரைப் பற்றிச் சேக்கிழார் சொல்லும் பிற செய்திகளும் இதே திசையில்தான் செல்கின்றன. மதுரையில் சோமசுந்தரக் கடவுளின் கோயில் வாயிலில் நின்று அவர் யாழ் வாசிக்கிறார். இறைவன் அன்றிரவு தொண்டர்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்து வரச் சொல்கிறார். தரையின் ஈரத்தால் யாழ் கெட்டுவிடும், பலகை இடுங்கள் என்று பரிவோடு கட்டளையும் இடுகிறார். கனவு பாணருக்கு வரவில்லை, வாயிலைக் காத்தவர்களுக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயில் திறக்கப்பட்டது. அது பாதி வெற்றிதான், தனிவாயில் என்பது பொதுவாயில் ஆகாது. இவற்றை எல்லாம் ஒரே நூலில் எழுதிச் சென்ற சேக்கிழார், சாதியாசாரத்தைப் பற்றி ஒரே மனத்தோடு இருந்த கவியாக எனக்குத் தோன்றவில்லை. ஓரிடத்தில் தம் காலத்து விதிக்குத் தலைவணங்குகிறார். மற்றோரிடத்தில் அந்த விதியைத் தெய்வத்தின் வாக்கைக் கொண்டே மறுக்கிறார்.

நூலின் பிற்பகுதியில் வரும் மூன்றாவது தீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த எண்ணம் நிறைவுபெறாது. இப்போது ஆச்சாள்புரம் என்று வழங்கும் திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தருக்குத் திருமணம் நடக்கிறது. சடங்குகளை நடத்தி வைக்கிறவர் அதே நீலநக்கர். கூட்டத்தில் அதே யாழ்ப்பாணரும் மனைவியாரும் இருக்கிறார்கள். பதிகம் பாடி முடிந்ததும் கோயில் முழுவதும் ஒரு பெருஞ்சோதியாக ஓங்கி, அதில் ஒரு வாயில் தோன்றுகிறது. பிறவியின் இழிவு தீர எல்லோரும் இதனுள் புகுங்கள் என்று சம்பந்தர் சொல்கிறார். நீலநக்கர் புகுகிறார், முருக நாயனார் புகுகிறார், யாழ்ப்பாணர் புகுகிறார். சுற்றத்தாரும், பணிவிடைக்கு வந்தவர்களும், முத்துச்சிவிகையைத் தோளில் சுமந்து வந்தவர்களும் புகுகிறார்கள். எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியில் மணமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தர் புகுகிறார்.

தில்லையில் நந்தனாரின் கனவில் சொல்லப்பட்டதும் பிறவி நீங்க என்பதுதான். ஆனால் அங்கே நீங்க வேண்டியது ஒருவருடைய பிறவி. நல்லூரில் இழிவென்று பேசப்படுவது பிறவி முழுவதும். கவுணியர் குலத்து அந்தணராகிய சம்பந்தரின் பிறவியும் சிவிகை சுமந்தவரின் பிறவியும் அந்தச் சோதிக்கு முன்னால் ஒரே அளவுக்கு இழிந்தவை, ஆகையால் ஒரே வாயில், ஒரே அழைப்பு. முன்பு ஞானாக்கினி என்று வியாக்கியானம் செய்தார்களே, அந்தப் பெயர் இந்தத் தீக்குத்தான் தகும். சமய நூலைச் சமய நூலைக்கொண்டே அளக்க வேண்டும் என்பது பழைய உரைகாரர்கள் கைக்கொண்ட நெறி. அந்த நெறிப்படி அளந்தால், தில்லைத் தீ சாத்தமங்கைத் தீயின் முன்னும் நல்லூர்ச் சோதியின் முன்னும் தோற்றுப்போகிறது. தோற்கடித்தவர் வெளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரர் எவரும் அல்லர், சேக்கிழாரே.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சரித்திரத்தைச் சரியாகப் படித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் உரையெழுதவில்லை, காரியம் செய்தார்கள். காந்தியடிகள் நந்தனாரைத் தூய துன்பமேற்பினால் வென்ற சத்தியாக்கிரகியாக எடுத்துக் காட்டினார். ஒடுக்கப்பட்ட குலத்தில் 1890-இல் பிறந்து துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர், நந்தனார் தீப்புகுந்த இடம் என்று வழங்கிவரும் தில்லையாகிய சிதம்பரத்தின் ஓமக்குளத்திலேயே, 1916-இல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார். வெந்தது என்று சொல்லப்பட்ட இடத்தில் சேரிக் குழந்தைகள் சிலேட்டு ஏந்தி உட்கார்ந்தார்கள். அவர்களுள் படித்து முன்னேறியவர்கள் அனேகர். அந்தத் துறவி 1959-இல் மறையும்வரை சட்டமன்றத்திலும் அந்த மக்களுக்காகவே பேசினார். நந்தனார் சரித்திரத்துக்கு எழுதப்பட்ட உரைகள் அனைத்திலும் எனக்கு அந்தப் பள்ளிக்கூடமே உயர்ந்த உரையாகத் தோன்றுகிறது.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த குலங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். யாழ்ப்பாணரை உள்ளே அழைத்து வாருங்கள் என்று சோமசுந்தரக் கடவுள் தம் தொண்டர்களுக்குக் கட்டளையிட்டதாகச் சேக்கிழார் பாடிய அதே கோயில் அது. தீ வளர்க்கப்படவில்லை, யாரும் யாருடைய உருவத்தையும் மாற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை. ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்த ஆண்டே கிடைத்தது. 1947-இல் வந்த சட்டம் அதை மாகாணம் முழுவதற்கும் உரிமையாக்கிற்று. தீண்டாமையை ஒழித்து நம் அரசியல் சாசனம் 17-ஆம் விதியில் உறுதி செய்தது. சட்டத்துக்குப் பிறகும் எத்தனை கிராமங்களில் எத்தனை கோயில் வாயில்கள் சிலருக்கு அடைத்தே கிடந்தன, கிடக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புரட்டாசி ரோகிணியில் திருநாளைப்போவாரின் குருபூசை நடைபெறுகிறது. அன்று சொற்பொழிவு செய்யும் பெரியோர்களிடத்தில் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நந்தனார் தீயில் இறங்கிய கட்டத்தோடு கதையை நிறுத்திவிட்டு மங்களம் பாட வேண்டாம். திருநீலநக்கர் புராணத்தில் யாழ்ப்பாணருக்கு வேதிகையின் பக்கத்தில் இடம் கொடுத்த பாடல்களையும், சம்பந்தர் புராணத்தில் நல்லூர்ச் சோதிக்குள் எல்லோரையும் புகச்சொன்ன பாடலையும் அதே மேடையில், அதே வேளையில் வாசியுங்கள். கேட்பவர்களுள் ஊர்க்கோயிலின் தர்மகர்த்தாக்கள் இருந்தால் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து வாசியுங்கள்.